கேம்பல் பே வீடுகளுக்கு: நோயாளி தேற, மனம் ஆறச் சில குறிப்புகள்

1. நாட்டின் கிழக்குக் கோடி என்பதால் இங்கே ஐந்து மணிவாக்கில் வெளுத்துவிடும். தியானத்துக்கு அந்த நேரமே சுகம், பிறகு புழுக்கம். பத்து நிமிடம் போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம், தவறில்லை.

2. மூச்சை இழுப்பதைவிட விடுவது மெதுவாக இருக்கட்டும். படபடப்பு தணியும், தசைகள் தளரும். கூடவே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். முருகா, வாஹேகுரு, இயேசுவே, அல்லாஹ் என்று அவரவர் வாய்க்கு வருவது எதுவானாலும் சரி. 1969 முதல் முன்னாள் ராணுவக் குடும்பங்கள் பல மாநிலங்களிலிருந்து வந்து குடியேறிய ஊர் இது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பாட்டியையும் கூப்பிட்டு உட்காரவைக்கலாம்.

3. சுனாமியைக் கண்டவர்களைக் கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று நம் தீவின் தென்கோடி இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அந்த நாளைப் பார்த்தவர் கண்ணை மூடினால் அலைச் சத்தம் பெரிதாகக் கேட்கலாம். கண்ணைத் திறந்தபடி, பாதம் தரையில் பட, விளக்கைப் பார்த்து உட்காரட்டும். பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம். அப்போது தீவுகளுக்கு வந்த பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக் குழுவினரின் ஆறுதல் முறையில் ஆன்மிகத்துக்கும் இடம் உண்டு. ஆனால் மனம்விட்டுப் பேசவிடுவதும் காதுகொடுத்துக் கேட்பதும் அதில் முதலில் வரும். நம் வீடுகளில் கேட்பதற்குள் புத்திமதி சொல்லிவிடுகிறோம்!

4. குளிர்காய்ச்சலா? திருநீறு பூசுங்கள், மந்திரியுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலேரியாவுக்கு ரத்தம் பார்த்துவிடுங்கள். நிலைமை முற்றினால் கப்பலோ ஹெலிகாப்டரோ பிடித்து ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) போக வேண்டிய ஊரில் நாள் கடத்துவது ஆபத்து. காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள்.

5. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாது.

6. இழுப்பு உள்ளவர் அறையில் சாம்பிராணி, ஊதுபத்தி வேண்டாம். அகல் ஒன்று போதும்.

7. நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கும் தினமும் அரைமணி ஓய்வு கொடுங்கள். அவர் கோயிலுக்குப் போனாலும் சரி, தூங்கினாலும் சரி.

8. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் பூஜையோடு நிறுத்தாதீர்கள். உயிரை விடும் பேச்சு ஒருமுறை வந்தாலும் அன்றே உதவி கேளுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலும் பேசலாம்.