மருமகளுக்கு, பாட்டில் மீனைப் பற்றி

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதமும் கோட்டுச்சித்திரங்களும் வந்தன. உங்கள் கவின்கலைக் கல்லூரியில் பசுமை வளாகக் குழு தொடங்கப்போகிறீர்கள், முதல்வரும் சம்மதித்துவிட்டார், தொடக்க நாளன்று வாசலில் நிறுத்த தண்ணீர் பாட்டில்களால் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மீன் செய்யப்போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறாய். வரைபடம் நன்றாக இருக்கிறது. வால் திரும்பும் இடத்தில் உன் கை தெரிகிறது. ஆனாலும் அந்த மீனைச் செய்யாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காலி தண்ணீர் பாட்டிலுக்குப் பழைய பேப்பர் கடையில் விலை உண்டு. அங்கிருந்து எடைக்குப் போய், நொறுங்கி, உருகி, துணி நெய்யும் இழையாகக்கூட ஆகும். அதே பாட்டிலைப் பசை வைத்து ஒட்டி, கம்பியால் கட்டி, எனாமல் பெயின்ட் அடித்தால் அப்புறம் எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார். மறுசுழற்சிக்குப் போகவேண்டிய பொருளை நம் கையாலேயே குப்பையாக்கிவிடுகிறோம். சென்னை வெயிலில் சில மாதம் நின்றால் பிளாஸ்டிக் வெளிறி, விரிசல் விட்டு, செதில் செதிலாக உதிரும். கடைசியில் மீன் மொத்தமும் லாரி ஏறும். நம் ஊர்க் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும்தான் மலையாகக் குவிந்தது. பெருங்குடிக் கிடங்கு இருப்பதே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் 2022இல் ஏறிய நிலம் அது. மீனைக் காப்பாற்றச் சொல்லும் சிலை, மீன் வாழும் நீரிலேயே போய் விழக்கூடாது அல்லவா?

சுற்றுச்சூழல் என்று பேச்செடுத்தாலே ஓவியம் படிக்கிறவர்களிடம் எல்லாரும் கேட்பது போஸ்டர், சுவரோவியம், சிலை. உங்களைச் சுவருக்கு வெளியே யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. உன்னிடம் இருக்கிற பெரிய பலம் பார்த்துப் பழகிய கண். முதல் மாதம் அதை மட்டும் செலவிடு. ஸ்கெட்ச் புத்தகத்தோடு காலை ஆறரைக்கே கல்லூரிக்குப் போ. கேன்டீன் பின்புறம் உட்கார். என்ன வெளியே வருகிறது, யார் தூக்குகிறார்கள், எந்த வாளியில் எதைக் கொட்டுகிறார்கள், வண்டி எப்போது வருகிறது என்று வரை. ஒரு கல்லூரியின் குப்பை எங்கே பிறந்து எங்கே போகிறது என்று ஒரே தாளில் வரைந்து முதல்வர் மேஜையில் வைத்தால், பத்துப் பக்க அறிக்கை செய்யாததை அது செய்யும்.

அப்படி உட்காரும்போது பெருக்கும் அக்காக்களோடு பேசு. அவர்களை விட்டுவிட்டு இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் திடமான எண்ணம். பல வளாகங்களில் பாட்டிலையும் அட்டைப்பெட்டியையும் தனியே எடுத்து எடைக்குப் போட்டுத்தான் அவர்கள் தங்கள் டீச்செலவையும் பஸ் காசையும் பார்த்துக்கொள்கிறார்கள். மாணவர்கள் உற்சாகமாகப் பாட்டில் சேகரிப்பு இயக்கம் தொடங்குகிற அன்றைக்கு அந்தக் காசு நின்றுபோகும். அவர்கள் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். உங்கள் குழு பிரித்துக் கொடுக்கட்டும், பணம் அவர்களுக்கே போகட்டும். இதை முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடு.

அவர்களுடைய கையையும் பார். நம் வகுப்புகளிலிருந்து போகிற குப்பையில் கட்டர் பிளேடு இருக்கும், உடைந்த கண்ணாடி இருக்கும், அச்சுத்தகட்டின் கூரான விளிம்பு இருக்கும். கையுறை இல்லாமல் அள்ளுகிறவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசி. ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் ஒரு பழைய பெயின்ட் டின்னின் மூடியில் உண்டியல்போலக் கீறல் போட்டு ஆணியில் மாட்டு. தேய்ந்த பிளேடு அதற்குள் மட்டும். நிறைந்ததும் மூடியை அடைத்து, மேலே 'பிளேடு' என்று சிவப்பில் எழுதிக் கொடு. உங்கள் இயக்கத்தின் முதல் படைப்பு அந்த டின்னாக இருந்தால் எனக்கு அத்தனை சந்தோஷம்.

டின் எப்படிப் படைப்பாகும் என்கிறாயா? நியூயார்க்கில் மிர்லே லேடர்மன் யூக்கலஸ் என்று ஒரு கலைஞர். கைக்குழந்தையோடு இருந்தபோது, 1969இல், துடைப்பதும் கழுவுவதும் பராமரிப்பதும் கலைதான் என்று ஓர் அறிக்கை எழுதினார். 1973இல் ஓர் அருங்காட்சியகத்தின் படிகளைக் குனிந்து தேய்த்துக் கழுவி, அதையே தன் படைப்பாக வைத்தார். 1977இலிருந்து அந்நகரத் துப்புரவுத் துறையிலேயே கலைஞராகச் சம்பளமின்றி இடம்பெற்றார். 1979, 80 இரண்டு ஆண்டுகளில் நகரம் முழுக்கச் சுற்றி, அங்கிருந்த 8,500 துப்புரவுத் தொழிலாளர்கள் ஒவ்வொருவரின் கையையும் குலுக்கி நன்றி சொன்னார். சிலை எதுவும் நிறுத்தவில்லை. அவரைப் பற்றித் தேடிப் படி. உனக்கு நெருக்கமானவராகத் தோன்றுவார்.

இனி நம் சொந்தக் குப்பை. மற்ற கல்லூரிக்கு இல்லாதது இது. கேன்டீன் இலையையும் பிளாஸ்டிக் கப்பையும் பற்றி யாரும் பேசிவிடலாம். டர்பன்டைனைப் பற்றி நீங்கள்தான் பேச முடியும்.

தூரிகை கழுவிய டர்பன்டைனை வாஷ்பேசினில் ஊற்றுகிற பழக்கத்தை நிறுத்து. வாய் அகன்ற இரண்டு கண்ணாடி ஜாடி போதும். ஒன்றில் கழுவு, மூடி வை. சில நாளில் நிறமெல்லாம் சேறாக அடியில் படியும், மேலே தெளிவாக நிற்கும். அந்தத் தெளிவைக் கலக்காமல் இரண்டாவது ஜாடிக்கு வடித்தால் மறுபடி கழுவலாம். புதிது வாங்குவது கண்ணெதிரே குறையும். அடிச்சேற்றை மட்டும் தனி டின்னில் சேர்த்து, அபாயக் கழிவு என்று எழுதி, மாநகராட்சியிடம் எப்படி ஒப்படைப்பது என்று கேட்டு அனுப்பு. டியூபின் பின்னால் சிறு எழுத்தில் நிறமிக் குறியீடு இருக்கும். பி.ஆர். 108 என்றால் கேட்மியம் சிவப்பு. பெயருக்குப் பின்னால் 'ஹ்யூ' என்று இருந்தால் நிறம் மட்டும் அது, உள்ளே கேட்மியம் இல்லை. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இதைப் படிக்கக் கற்றுக்கொடு.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். குவியலாகக் கிடந்தால் தானே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடு, இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றி மூடிய தகர டின்னில் வை. அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக். தூரிகையை முதலில் பழைய செய்தித்தாளில் நன்றாகத் துடைத்துவிட்டுக் கழுவினாலே பாதி பிளாஸ்டிக் சாக்கடைக்குப் போகாது. கழுவிய தண்ணீரையும் வாளியில் விட்டுப் படியவைக்கலாம்.

சிற்பத்துறை நண்பர்களிடம் இதைச் சொல்: சுடாத களிமண் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பி வரும். அரை ஈரத்தில் தண்ணீர் ஊற்றினால் கட்டிகட்டியாக நிற்கும், எலும்பாய்க் காயவிட்டு ஊறவைத்தால் தானே கரையும். ஆனால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் துணுக்கு அதில் கலக்கவே கூடாது. கலந்தால் சூளையில் சுட்ட உருவம் பிறகு அந்த இடத்தில் வெடித்துப் பெயரும். இறுகிய பிளாஸ்டர் குழாயையும் அடைத்துவிடும்.

தொடக்க விழாவுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கப்போவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் மனம் கஷ்டப்பட்டது. ஃபிளெக்ஸ் என்பது பி.வி.சி. பூசிய துணி. எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் மக்காது, தேதி தாண்டிய மறுநாளே பயன் முடிந்தது. சென்னையில் கையால் பேனரும் கட்-அவுட்டும் வரைந்த ஓவியர்களின் பிழைப்பை டிஜிட்டல் அச்சு எப்படி அடித்துக்கொண்டு போனது என்று நீ அறிவாய். ஓவியம் படிக்கிற பிள்ளைகள் எழுத்துக்குக் கடைக்காரரிடம் போகலாமா? காடாத்துணியில் கல்லூரிப் பெயரையும் எல்லையோரச் சித்திரத்தையும் ஒருமுறை நன்றாக வரையுங்கள். நிகழ்ச்சிப் பெயரும் தேதியும் மட்டும் தனித் துண்டாக இருக்கட்டும். கொக்கி போட்டு மாட்டு, முடிந்ததும் அதன்மேல் வெள்ளை அடித்து அடுத்த தேதியை எழுது. வருஷம் முழுக்க ஒரே பேனர்.

அப்படியானால் வாசலில் ஒன்றுமே வேண்டாமா என்று நீ கேட்பாய். வேண்டும். கலைஞர் ஜோசப் பாய்ஸ் 1982இல் ஜெர்மனியின் காசல் நகரில், டாக்குமென்டா கண்காட்சியின்போது, அருங்காட்சியகத்துக்கு முன்னால் 7,000 கருங்கல் தூண்களைக் குவித்து வைத்தார். ஊரில் ஒரு மரம் நட்டால் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்துப்போய் அந்த மரத்தருகே நடவேண்டும். எவ்வளவு பாக்கி என்பதைக் குவியலைப் பார்த்தே ஊர் தெரிந்துகொண்டது. 1986இல் அவர் இறந்துவிட்டார். வேலை நிற்கவில்லை, 1987இல் கடைசி மரத்தை அவர் மகன் நட்டார். எனக்கு இதில் பிடித்தது, வேலை நடந்தால்தான் படைப்பு மாறும் என்பது.

உங்கள் வாசல் சுவரை வெள்ளையடித்து அப்படி ஒன்று செய்யலாம். வாரந்தோறும் வெள்ளிக்கிழமை, லாரி ஏறப்போகும் குப்பையை எடைபோடு. கிலோவுக்கு ஒரு விரல் நீளம் என்று கணக்கு வைத்து ஒரு பட்டை தீட்டு. ஈரக்குப்பைக்கு ஒரு நிறம், உலர்குப்பைக்கு ஒன்று, நம் ஸ்டுடியோ கழிவுக்கு ஒன்று. எடை கூடினால் கூடியதாகவே தீட்டவேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே, யார் வந்து சொன்னாலும்.

மரம் நடுவதைப் பற்றி ஒரே வார்த்தை: ஜூன் வெயிலில் புகைப்படத்துக்காக நடவேண்டாம், ஐப்பசி மழைக்கு முன்னால் நடுங்கள், சித்திரையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் எழுதிய பிறகு நடுங்கள்.

அலுவலகத்தில் தயங்கி நிற்காதே. 5,000 சதுர மீட்டருக்கு மேல் இடமுள்ள நிறுவனங்கள் குப்பையைத் தரம் பிரிக்கவேண்டும், மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்திலேயே உரமாக்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. நீ சலுகை கேட்கவில்லை. பணத்துக்குக் குளிர்பானக் கம்பெனியிடம் போய் நிற்கவும் வேண்டாம். 1966இல் ஓவியர் பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, பாடிக் துணி செய்து விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். நீங்களும் லினோகட் அச்சு போட்டு விற்கலாம், உங்களுக்குத் தேவைப்படுவது தராசும் சில டின்னும் துணியும்தானே.

நீ மூன்றாம் ஆண்டு. இன்னும் ஒன்றரை வருஷத்தில் வெளியே வந்துவிடுவாய். அதனால் தலைவர் பதவி உனக்கு வேண்டாம். எடைப் புத்தகமும் டர்பன்டைன் அலமாரிச் சாவியும் முதலாண்டுப் பிள்ளைகள் இருவரிடம் இருக்கட்டும், நீ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடு. பாடவேளை முடிந்து ஸ்டுடியோவைச் சுத்தம் செய்யும் கால்மணி நேரத்தை அட்டவணையிலேயே சேர்க்கும்படி துறைத்தலைவரிடம் இப்போதே கேள்.

மீனுக்காகச் சேர்த்த பாட்டில்களை அக்காக்களிடம் கொடுத்துவிடு. காடாத்துணி ஈரோட்டிலிருந்து வாங்கி அனுப்பச் சொல்கிறேன். எத்தனை மீட்டர் வேண்டும், என்ன அகலம் என்று மட்டும் எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா