அடுப்புப் புகைக்கும் கணக்கு உண்டு

ஒரே வீட்டில் வாழ்வோரும் ஒரே அளவு புகையைச் சுவாசிப்பதில்லை. அன்றாட வேலை நேரத்தைக் கொண்டு இதனைக் கணக்கிடலாம்.

முத்தாபுதுப்பேட்டையில் விறகடுப்பு எரியும் வீடொன்றை எடுத்துக்கொள்வோம். இல்லத்தரசி அடுப்படியில் இருப்பது 4 மணி நேரம். அங்கு ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி 600 மைக்ரோகிராம். மற்ற 20 மணி நேரமும் 60 என்க. நேரத்தால் தூசியைப் பெருக்கிக் கூட்டினால் 3,600; 24-ஆல் வகுத்தால் சராசரி 150. அடுப்படிக்கு வராத கணவருக்கு 60தான். இடுப்பிலிருக்கும் குழந்தைக்கோ தாயின் கணக்கே.

போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழகத்தின் 4 மாவட்டங்களில் 436 கிராம வீடுகளில் அளந்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், விறகில் சமைப்போருக்குச் சராசரி 231, சமைக்காதோருக்கு 90.

ஆகவே, சமையல் முடியும்வரை குழந்தையை வேறு பெரியவரிடம் விடுக. உலர்ந்த விறகும் புகைபோக்கியும் நன்று. எரிவாயு அதனினும் நன்று.