முழங்கும் அறையும் ஒலிபெருக்கியும்

கேள்வி: 4 மீட்டர் நீளமுள்ள எங்கள் அறையில் மிருதங்கத்தின் தொப்பி நாதம் ஓரிடத்தில் அளவுமீறி முழங்குகிறது, வேறிடத்தில் மங்கிவிடுகிறது. ஒலிபெருக்கியை மாற்றலாமா?

பதில்: தோஷம் பெரும்பாலும் அறையினுடையது. ஒலி வினாடிக்குச் சுமார் 344 மீட்டர் செல்வதால், 4 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கிடையே வினாடிக்கு 43 அதிர்வும் அதன் மடங்குகளான 86, 129 அதிர்வுகளும் கொண்ட ஒலிகள் நிலையலைகளாகி, சுவரோரங்களில் பெருகியும் இடையிடையே ஒடுங்கியும் நிற்கின்றன. ஒலிபெருக்கி மூலையில் இருந்தால் இவை யாவும் ஒருங்கே உரம் பெறும்.

ஒலிபெருக்கியின் அமைப்புக்கும் இதில் பங்குண்டு. முற்றும் மூடிய பெட்டியில், அதன் எல்லைக்குக் கீழே மந்தர ஒலி ஸ்தாயிக்கு 12 டெசிபல் வீதம் நிதானமாகக் குறைகிறது. துவாரமுள்ள பெட்டி சற்றே ஆழம்வரை இறங்கினாலும், பின்னர் 24 டெசிபல் வீதம் சடுதியில் வீழ்கிறது. பெட்டியின்றித் திறந்த பலகையில் பொருத்தியதோ முன்னும் பின்னும் ஒலித்துப் பக்கங்களில் அடங்குவதால், பக்கச் சுவர்களை அதிகம் தூண்டுவதில்லை. ஆயினும் பின்சுவரிலிருந்து நன்கு விலகி நிற்க இடமும், மந்தரத்துக்குப் பெரிய கூம்பும் வேண்டும்.

ஆகவே முதலில் ஒலிபெருக்கியை மூலையினின்று அகற்றி, ஆசனத்தைச் சுவரோரத்தையும் அறையின் நடுவையும் தவிர்த்து இட்டு, மூலைகளில் தடித்த பஞ்சடைப்பு வைத்துக் கேளுங்கள். அதன்பின்னும் குறை தோன்றினால் மூடிய பெட்டியையே வாங்குங்கள். சிறிய அறைக்கு அதுவே உத்தமம்.