மொழிபெயர்ப்பு மேசையில் ஒரு கவிஞர்

நுழையும்முன்

மக்கள் பேசும் மொழி ஒன்றாகவும் ஆட்சி நடைபெறும் மொழி வேறொன்றாகவும் இருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் இரு மொழிகளுக்கும் இடையே அமர்ந்து எழுதியவர்கள் அரசு அலுவலர்கள். அவர்களுள் ஒருவர் பின்னாளில் கவிஞராகவும் தமிழின் முதல் புதின ஆசிரியராகவும் புகழ்பெற்றார். அலுவலக மேசையில் அவர் கற்றது எவ்வாறு அவருடைய எழுத்தில் வெளிப்பட்டது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

இருமொழிக் கரை

புதுச்சேரியிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கு நோக்கிச் செல்வோர் கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி ஆகிய ஊர்களைக் கடந்து காரைக்காலை அடைவர். இன்று ஒரு நாளில் எளிதாகச் சென்று திரும்பக்கூடிய இவ்வழி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல ஆட்சிகளின் எல்லைகளைக் கடந்து சென்றது. புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தன. தரங்கம்பாடி 1845ஆம் ஆண்டு வரை டேனியரிடம் இருந்து, பின்னர் ஆங்கிலேயரிடம் வந்தது. ஏனைய ஊர்களில் ஆங்கிலேயர் ஆட்சி நடைபெற்றது. மக்களோ எல்லா ஊர்களிலும் தமிழே பேசினர்.

இத்தகைய சூழலில் இருமொழி அறிந்தவர்களின் துணையின்றி ஆட்சி ஒரு நாளும் நடைபெற இயலாது. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயிடம் துபாசியாகப் பணியாற்றிய ஆனந்தரங்கர், அத்தகையோருள் தலைசிறந்தவர். அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அக்கால அரசியலையும் வணிகத்தையும் தெருப்பேச்சையும் ஒருங்கே காட்டுகிறது. அவருக்குப் பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, அதே கடற்கரைக்கு அருகில், ஆங்கில நீதிமன்றத்தின் அலுவலராக அமர்ந்தவர் வேதநாயகர்.

பதிவறையில் தொடங்கிய பணி

வேதநாயகர் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்தார். பெற்றோர் சவரிமுத்து, ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராயர் என வழங்கும் தியாகப்பரிடம் ஆங்கிலமும் தமிழும் கற்றார். ஆசிரியரின் தொழிலே மாணவருக்கும் வழியாயிற்று. வேதநாயகர் முதலில் நீதிமன்ற ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார்.

ஆவணக் காப்பாளரின் பணி வெளிப்பார்வைக்குச் சிறியது. வழக்குகளுக்குரிய மனுக்கள், வாக்குமூலங்கள், பத்திரங்கள், தீர்ப்பு நகல்கள் ஆகியவற்றை முறைப்படி அடுக்கி வைத்து, கேட்டபொழுது எடுத்துக் கொடுப்பதே அப்பணி. எனினும் ஒரு பத்திரம் இடம் மாறினால் ஒரு குடும்பத்தின் நிலம் கைமாறக்கூடும். எழுத்து என்பது அழகுக்காக மட்டும் அமைவதன்று. மனிதரின் வாழ்வு அதனைச் சார்ந்து நிற்கிறது என்னும் உண்மையை நாள்தோறும் உணர்த்தும் இடம் பதிவறை.

ஒரு சொல்லின் எடை

மொழிபெயர்ப்பாளர் பணி அதனினும் பொறுப்பு மிக்கது. ஓர் உழவர் தம் வயல் வரப்பைப் பக்கத்து நிலத்தார் வெட்டிவிட்டதாக முறையிடுகிறார் எனக் கொள்வோம். அவர் வாயால் சொன்னதை மனு எழுதுபவர் ஒரு நடையில் எழுதுவார். அதனை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலமாக்குவார். ஆங்கிலேய நீதிபதி அதனைப் படித்து ஆங்கிலத்தில் தீர்ப்பு எழுதுவார். அத்தீர்ப்பு மீண்டும் தமிழாகி உழவரின் காதுக்கு வந்து சேரவேண்டும். இந்நெடும்பயணத்தில் எங்கேனும் ஒரு சொல் பிறழ்ந்தால், நீதியும் பிறழும்.

எடுத்துக்காட்டாகப் ‘பிள்ளைகள்’ என்னும் சொல்லைக் கருதலாம். பேச்சு வழக்கில் அச்சொல் ஆண்மக்களை மட்டும் குறிக்கலாம். ஆண், பெண் ஆகிய இருபால் மக்களையும் குறிக்கலாம். சொத்துரிமை வழக்கில் அவ்விரு பொருளுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. அதுபோலவே ‘கொடுக்கலாம்’ என்பது இசைவைக் காட்டும். ‘கொடுக்கவேண்டும்’ என்பது கடமையை விதிக்கும். ஒரு வினைமுற்றின் ஈறு மாறினால் கட்டளையே மாறிவிடும். இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அக்கால நீதிமன்றத் தமிழும் எளியோருக்கு எளிதாக இல்லை. ஜாமீன், ஜப்தி, வக்காலத்து எனப் பிறமொழி வழி வந்த சொற்களும், அப்பீல், டிக்கிரி என ஆங்கிலம் வழி வந்த சொற்களும் அதில் நிறைந்திருந்தன. தமிழிலேயே கூறப்பட்டாலும் புரியாத தீர்ப்புகளும் உண்டு. சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்பவரை நினைவில் கொள்ளுதல் வேண்டும் என்பது மொழிபெயர்ப்பு மேசை அளித்த பாடமாகும்.

> தெரிந்து தெளிவோம்
> துபாசி: இருமொழி அறிந்து இடைநின்று பேசுபவர்.
> முன்சீப்பு: சிறு தொகைக்குரிய உரிமையியல் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் நீதிபதி.
> வாதி: வழக்குத் தொடுப்பவர்.
> பிரதிவாதி: வழக்கிற்கு மறுமொழி கூறுபவர்.

நீதிமன்றமும் நீதிநூலும்

வேதநாயகர் 1857ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் முன்சீப்பாகப் பொறுப்பேற்றார். பின்னர்ச் சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவியில் இருந்தார். மாயூரத்தில் நெடுங்காலம் பணியாற்றியமையால் ‘மாயூரம் வேதநாயகம்’ என்றே வழங்கப்பட்டார். இதுவரை பிறருக்காக மொழிபெயர்த்தவர், இப்போது தாமே வாதி, பிரதிவாதி ஆகியோரின் சொல்லைக் கேட்டு முடிவு கூறும் இடத்தில் அமர்ந்தார்.

இக்காலத்தில் அவர் இயற்றிய ‘நீதிநூல்’ 1859ஆம் ஆண்டு வெளிவந்து, பின்னர் விரிவாக்கப்பட்டது. தமிழில் அறநூல்கள் பல உண்டு. அவற்றினின்று இந்நூல் வேறுபடும் இடம் ஒன்று உள்ளது. கைக்கூலி வாங்குதலைக் கண்டிப்பதற்கென்றே இந்நூலில் ஒரு பகுதி அமைந்துள்ளது. அலுவலகத்தின் வாயிலில் எளியவர் காத்து நிற்பதையும், பொருள் கொடுத்தவர் உள்ளே செல்வதையும் அரசுப் பணியில் இருப்பவர் அறியாதிருத்தல் அரிது. அப்பணியில் இருந்துகொண்டே அதன் குறையை வெளிப்படையாகப் பாடுதல் அதனினும் அரிது. அறத்தை வானத்திலிருந்து கூறாமல், அலுவலக வாயிலிலிருந்து கூறியது நீதிநூலின் சிறப்பாகும்.

சட்டம் தமிழ் பேசியது

கவிதை நூல்களைப் போலவே போற்றத்தக்க வேறொரு பணியையும் வேதநாயகர் மேற்கொண்டார். 1805 முதல் 1861 வரை உயர்நிலை நீதிமன்றம் ஆங்கிலத்தில் அளித்த தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் 1862ஆம் ஆண்டு வெளியிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தீர்ப்புகள் இதன்வழித் தமிழ் மட்டும் அறிந்தவர்களுக்கும் எட்டின.

இந்நூலைக் கவிஞர் ஒருவரின் துணைப்பணி எனக் கருதுதல் பொருந்தாது. முன்னைய தீர்ப்புகளை அறிந்தவரே தம் வழக்கை உறுதியாக எடுத்துரைக்க இயலும். அவ்வறிவு ஆங்கிலம் கற்ற சிலரிடம் மட்டும் இருந்தால், ஏனையோர் அவர்களைச் சார்ந்தே நிற்க நேரும். தீர்ப்புகளைத் தமிழாக்கியதன் வாயிலாக அச்சார்பைக் குறைக்க வேதநாயகர் முயன்றார்.

அலுவலும் நட்பும்

அலுவல் மிகுதி அவரைப் புலவர் கூட்டத்திலிருந்து பிரிக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரனார் அவருடைய நெருங்கிய நண்பர். வேதநாயகரைத் தலைவராகக் கொண்டு ‘குளத்துக் கோவை’ என்னும் நூலை இயற்றியவர். மீனாட்சிசுந்தரனாரிடம் 1871ஆம் ஆண்டு பாடம் கேட்க வந்த இளைஞர் உ. வே. சாமிநாதர், தம் வாழ்க்கை வரலாற்றில் வேதநாயகரைக் குறிப்பிடுகிறார். அப்பெரும்புலவரிடம் பாடம் கேட்டவர்களுள் புதுச்சேரியைச் சேர்ந்த சவராயலு நாயகரும் ஒருவர், இவரும் கிறித்தவரே. சைவப் புலவரிடம் கிறித்தவர் பாடம் கேட்டதும், கிறித்தவரான வேதநாயகர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் புகழ்ந்து பாடியதும் அக்காலத் தமிழ்ச் சூழலின் இயல்பாக இருந்தன.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைக் கொடும் பஞ்சம் வாட்டியது. அப்போது அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த வேதநாயகர், தம் பொருளைக் கொண்டு பசித்தவர்களுக்கு உணவளித்தார். பஞ்சத்தின் துயரைக் கீர்த்தனைகளாகவும் பாடினார். அவருடைய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ 1878ஆம் ஆண்டு வெளிவந்தது. அவரது கொடையைப் போற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடினார் என்பர்.

கவிஞர் உரைநடைக்கு வந்தது

வேதநாயகர் எழுதிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879ஆம் ஆண்டு அச்சாயிற்று. இதுவே தமிழின் முதல் புதினம். தமிழில் உரைநடை நூல்கள் போதிய அளவில் இல்லை என்னும் குறையை நீக்குவதே தம் நோக்கம் என அவர் அதன் முன்னுரையில் தெரிவித்துள்ளார். செய்யுளில் வல்ல ஒருவர் ஏன் உரைநடையை நாடினார் என்னும் வினா இங்கு எழும். அதற்குரிய விடையின் ஒரு பகுதி அவருடைய பணி வாழ்க்கையில் உள்ளது. மனு, வாக்குமூலம், தீர்ப்பு ஆகிய அனைத்தும் உரைநடையே. நடந்ததை முறையாகக் கூறுதல், ஒருவர் பேச்சைப் பிறர் பேச்சினின்று பிரித்துக் காட்டுதல், காரணம் கூறி முடிவுக்கு வருதல் ஆகிய பயிற்சிகள் நீதிமன்றத்தில் நாள்தோறும் நிகழ்வன. கதை கூறுவதற்கும் இவையே வேண்டப்படுவன.

அப்புதினத்தில் ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டை ஆளும் பகுதி உள்ளது. நீதிமன்றங்களில் தமிழ் வழங்குதல் வேண்டும் என்னும் கருத்து நூலில் வலிமையாக முன்வைக்கப்படுகிறது. நீதிபதியும் தமிழர், வழக்கறிஞரும் தமிழர், கட்சிக்காரரும் தமிழர் என்றிருக்க, அவர்களிடையே ஆங்கிலம் எதற்கு என வேதநாயகர் நகைச்சுவையோடு வினவுகிறார். தம் வழக்கில் பேசப்படுவது இன்னதென்று அறியாமல் கட்சிக்காரர் விழித்து நிற்கும் காட்சி, கற்பனையில் மட்டும் பிறந்ததன்று. பல ஆண்டுகள் அவ்விடத்தில் அமர்ந்திருந்தவர் கண்டதாகும். ஆங்கிலக் கல்வியை அவர் வெறுக்கவில்லை. அதனால் பெற்ற அறிவைத் தமிழுக்குக் கொண்டுவராமையையே கடிந்தார்.

இன்றும் தொடரும் வினா

வேதநாயகர் 1889ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் மறைந்தார். அவர் எழுப்பிய வினா இன்னும் முழுமையாக விடைபெறவில்லை. இந்திய அரசமைப்பின் 348ஆம் உறுப்பு, வேறு ஏற்பாடு செய்யப்படாத வரையில் உச்ச நீதிமன்றத்திலும் உயர்நீதிமன்றங்களிலும் ஆங்கிலமே வழங்கும் எனக் கூறுகிறது. 2019ஆம் ஆண்டு முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுள் பலவற்றைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்த்து வெளியிட்டு வருகிறது. தனியொருவராக மாயூரத்துக் கவிஞர் 1862ஆம் ஆண்டு செய்த பணியின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

புதுச்சேரியின் பழைய குடும்பங்கள் பலவற்றில் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட பத்திரங்கள் பேணப்படுகின்றன. வீட்டின் உரிமையைக் கூறும் தாளை வீட்டிலுள்ளோரே படிக்க இயலாத நிலையை எண்ணிப் பார்த்தால், வேதநாயகரின் கவலை எளிதில் விளங்கும். ஒருவரின் உடைமையையும் உரிமையையும் முடிவு செய்யும் எழுத்து, அவருக்குப் புரிதல் வேண்டும். நீதியின் ஒரு பகுதி அப்புரிதலில் அடங்கியுள்ளது. அலுவலை வயிற்றுக்கும் கவிதையை மனத்துக்கும் எனப் பிரித்து வாழ்ந்தவர் அல்லர் வேதநாயகர். அலுவலக மேசையில் கண்ட குறையைத் தம் எழுத்தால் களைய முயன்றமையே அவருடைய பணிக்கும் கவிதைக்கும் உள்ள உறவாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள பழைய பத்திரம் ஒன்றைப் பெரியோர் துணையுடன் படித்து, அதில் உங்களுக்குப் பொருள் விளங்காத சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு ஏற்ற தமிழ்ச்சொற்களை எழுதுக.
2. ‘செய்யலாம்’, ‘செய்யவேண்டும்’, ‘செய்யக்கூடும்’ ஆகிய வினைகளின் பொருள் வேறுபாட்டை, அரசு அறிவிப்பு ஒன்றில் அமைத்துக் காட்டுக.
3. ‘நீதிமன்ற மொழி மக்கள் மொழியாக இருத்தல் வேண்டும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.