கம்ப்யூட்டருக்குள் தனி வீடா? காம்பவுண்டு வீடா?

அறிவியல் கண்காட்சிக்காக நான் எழுதிய வினாடி வினா புரோகிராம் ஒரே நொடியில் காணாமல் போனது. மொத்தம் 40 கேள்விகள்! எப்படிப் போச்சு என்று புரிய வேண்டுமானால் விர்ச்சுவல் மெஷின், கன்டெய்னர் என்ற இரண்டும் தெரிய வேண்டும்.

எங்கள் பெரியம்மா மகன் அண்ணனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில்தான் நான் பழகுகிறேன். அதில் இருப்பது உபுண்டு லினக்ஸ், ராம் 4 ஜிபி. "பைத்தான் கத்துக்கோ. ஆனா என் ஃபைல் எதையும் கெடுத்துராத" என்று அண்ணன் சொல்லிவிட்டார். சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கும் இதே பயம் உண்டாம். ஒரு வேலைக்குப் பழைய பைத்தான் வேண்டும், இன்னொன்றுக்குப் புதியது வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் சண்டைதான். அதனால் வேலைக்கு வேலை தனி இடம் வேண்டும்.

முதலில் விர்ச்சுவல் மெஷின். இது சாஃப்ட்வேராலேயே செய்த ஒரு கம்ப்யூட்டர். ஐபிஎம் 1960களிலேயே தன் பெரிய கம்ப்யூட்டர்களில் இதைச் செய்தது. 1999-ல் விஎம்வேர் சாதாரண கம்ப்யூட்டருக்கும் கொண்டு வந்தது. நான் போட்டது 2007-ல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ். இதற்குள் ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தை, அதன் கெர்னலோடு சேர்த்து ஏற்ற வேண்டும். கெர்னல் என்பது புராசசர், ராம், டிஸ்க் எல்லாவற்றையும் புரோகிராம்களுக்குப் பங்கு போட்டுத் தருகிற நடுப்பகுதி. நான் 2 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க் கொடுத்தேன். அவ்வளவுதான், மவுஸ் அம்புக்குறி கூட நகரவில்லை! அண்ணன் ஃபைல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கை நடுங்கியது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

அடுத்து கன்டெய்னர். 2013-ல் வந்த டாக்கர் இதைப் பிரபலமாக்கியது. இதற்குள் தனி கெர்னல் கிடையாது. வெளியே இருக்கும் லினக்ஸின் கெர்னலையே கடன் வாங்கிக்கொள்ளும். ஆனால் உள்ளே ஓடும் புரோகிராமுக்குத் தன்னுடைய ஃபைல்கள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். இவ்வளவு ராம்தான் என்று அளவும் வைக்கலாம். இந்த இரண்டு வசதியும் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. டாக்கர் அதைச் சுலபமாக்கிக் கொடுத்தது. ஆல்பைன் என்ற குட்டி லினக்ஸ் சில எம்பிதான்! ஓரிரு நொடியில் தயார்.

விர்ச்சுவல் மெஷின் என்றால் தனிக் கிணறு வைத்த தனி வீடு. கன்டெய்னர் என்றால் காம்பவுண்டு வீடு. கதவு தனி, பூட்டு தனி, கிணறு மட்டும் பொது. செலவு குறைவு. ஆனால் கிணற்றில் ஏதாவது விழுந்தால் எல்லா வீட்டுக்கும் கஷ்டம். 2019-ல் கன்டெய்னரை ஓட்டும் ரன்சி என்ற கருவியில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். அதன் வழியாக உள்ளே இருக்கும் கெட்ட புரோகிராம் வெளியே உள்ள கம்ப்யூட்டரையே பிடித்துவிட முடியும். பிறகு சரி செய்துவிட்டார்கள். ஆனாலும் யாரோ தெரியாதவர் கொடுத்த புரோகிராமை ஓட்டிப் பார்க்க நான் தனி வீட்டைத்தான் கேட்பேன்.

சரி, என் 40 கேள்விக்கு வருகிறேன். வேலை முடிந்து கன்டெய்னர் நின்றதும் அதுவே அழிந்துவிடும்படி கட்டளை கொடுத்திருந்தேன், இடம் மிச்சமாகட்டும் என்று. புரோகிராமை அதற்குள்ளேயே எழுதி வைத்ததுதான் தப்பு. வெளியே வந்தேன், போயே போச்சு! விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் அணைத்தாலும் அதன் டிஸ்க் ஃபைல் அப்படியே இருந்திருக்கும். கன்டெய்னரில் வேலை செய்கிறவர்கள் எழுதுவதை வெளியே ஒரு ஃபோல்டரில் வைத்து, அதை உள்ளே இணைத்துக்கொள்வார்களாம். அழுது முடித்த பிறகு அண்ணன் சொன்னார்!

இன்னொன்று. லினக்ஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸை ஓட்டிப் பார்க்க கன்டெய்னர் உதவாது, கெர்னல் வேறு. அதற்கு விர்ச்சுவல் மெஷின்தான் வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் டாக்கர் போட்டு லினக்ஸ் கன்டெய்னர் ஓட்டினாலும், அது பின்னால் ரகசியமாக ஒரு விர்ச்சுவல் மெஷினை ஓட்டி, அதற்குள்தான் கன்டெய்னரை வைக்கிறது. தனி வீட்டுக்குள்ளே காம்பவுண்டு வீடு!

இப்போது வெளி ஃபோல்டரில் 17 கேள்விகள் திரும்ப எழுதிவிட்டேன். மீதி 23-க்கு உங்களிடம் நல்ல கேள்வி இருந்தால் எழுதி எங்கள் வகுப்பில் கொடுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி