கரண்ட் பில் தகராறு: வீட்டுக்குள் யார் வரலாம்?



பகல் நேரத்தில் நம்ம ஊர் வீடுகளில் யார் இருக்கிறோம்? பெரியவங்க வேலைக்குப் போய்விட்டால் அப்பத்தாவும் நாமும்தான். லீவு நாளில் மின்வாரிய ஆட்கள் வந்து, "பில் பாக்கி இருக்கு, உள்ளே வரணும்" என்றால் விடணுமா, வேண்டாமா? மின்சாரச் சட்டம் 2003-ல் இதற்குப் பதில் இருக்கிறது. (மின்வாரியம் என்று நாம் சொல்வது இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்.)

முதலில் 163-வது பிரிவு. மீட்டரையும் வயரையும் சோதிக்க, ரிப்பேர் பார்க்க, ரீடிங் எடுக்க அவர்கள் வரலாம். ஆனால் நியாயமான நேரத்தில் வரவேண்டும். எதற்கு வருகிறோம் என்று வீட்டில் இருப்பவரிடம் சொல்லவும் வேண்டும். பழைய வீடுகளில் மீட்டர் உள்சுவரில் இருக்கும். எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில்! அதற்காக ஒன்றும் சொல்லாமல் விறுவிறுன்னு நுழைய முடியாது.

நாம் விடமாட்டோம் என்றால்? எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, 24 மணி நேரம் கழித்து கரண்டை நிறுத்தலாம். அல்லது நிர்வாகத் துறை நடுவரிடம் (தாசில்தாரும் அப்படி ஒரு நடுவர்தான்) தனி உத்தரவு வாங்கி, 24 மணி நேரத்துக்குக் குறையாமல் எழுத்தில் அறிவித்துவிட்டு வரலாம். ஆகவே சும்மா கதவைச் சாத்தினால் நமக்குத்தான் இருட்டு.

பூட்டை உடைக்கலாமா? உடைத்துத் திறக்கும் அதிகாரம் 135-வது பிரிவில் வருகிறது. அது கொக்கி போடுவது, மீட்டரில் கை வைப்பது போன்ற மின் திருட்டுக்கான பிரிவு. அதிலும் மாநில அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரிதான் வரலாம், சந்தேகப்படக் காரணமும் இருக்கணும். பில் பாக்கி வேறு, திருட்டு வேறு. மிரட்டுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள், பயந்துவிடாதீர்கள்.

திருட்டுச் சோதனை என்றாலும் வீட்டில் இருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ கூட நிற்கவேண்டும். எடுத்துப்போகும் பொருளுக்குப் பட்டியல் தரவேண்டும். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை, அந்த வீட்டில் குடியிருக்கும் வயது வந்த ஆண் ஒருவர் இல்லாமல் வீட்டில் சோதனை போடவே கூடாது. பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இது பாதுகாப்புதான். ஆனால் ஆண் இருந்தால் மட்டும் ராத்திரியில் வரலாமா? யார் இருந்தாலும் ராத்திரி வேண்டாம் என்றே எழுதியிருக்கலாம் என்பது என் கருத்து.

இனி எல்லோருக்கும் உதவுகிற 56-வது பிரிவு. பணம் கட்டாவிட்டால் 15 முழு நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் பீஸைப் பிடுங்கலாம். பில் தப்பு என்று நமக்குத் தோன்றினால், ஆட்சேபணையைத் தெரிவித்துவிட்டு ஒரு தொகையைக் கட்டலாம். கேட்ட முழுத் தொகை, அல்லது முந்தைய 6 மாதச் சராசரி, இதில் எது குறைவோ அது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டின் கடைசி மூன்று பில்கள் 230, 250, 240 ரூபாய் என்று வையுங்கள். கூட்டினால் 720. ஆறு மாதத்துக்கு என்பதால் மாதச் சராசரி 120. இந்தத் தடவை திடீரென்று 6,800 ரூபாய் வந்திருக்கிறது! இரண்டு மாதத்துக்கு 240 ரூபாய் கட்டினால், வழக்கு முடியும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. நம்ம ஊரில் நிறையப் பேர் இது தெரியாமல் வட்டிக்கு வாங்கி முழுசாகக் கட்டிவிடுகிறார்கள். சிலர் ஒன்றுமே கட்டாமல் சண்டை போடுகிறார்கள். அப்போது பீஸ் போய்விடுகிறது, பரீட்சை நேரத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான்.

பணம் கட்டினால் ரசீது கட்டாயம் வாங்குங்கள். முதலில் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுக்கணும். அங்கே தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அதற்கும் மேலே சென்னையில் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார். மனுவில் இணைப்பு எண்ணை எழுத மறக்காதீர்கள். அது இருந்தால்தான் உங்கள் கணக்கைத் தேடி எடுக்க முடியும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி