அடுக்களைக்கும் ஒரு வண்ணம்

நுழையும்முன்

வீடு கட்டி முடிந்ததும் முகப்புக்கு எந்த வண்ணம், கூடத்திற்கு எந்த வண்ணம் எனப் பலநாள் ஆராய்கிறோம். அடுக்களைக்கோ பெரும்பாலும் வாளியில் எஞ்சிய வண்ணமே போய்ச் சேர்கிறது. வீட்டில் மிகுதியான உழைப்பு நிகழும் இடத்திற்கு மிகக் குறைந்த கவனம் கிடைப்பது ஏன்? வண்ணம் என்பது வெறும் ஒப்பனையா, வாழ்வோடு பிணைந்த தேவையா? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கரிசலும் வெண்சுவரும்

தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவிலை அடுத்துள்ள குருவிகுளம், கரிசல் மண் சூழ்ந்த ஊர். மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி உப்புகின்ற இம்மண், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கரிய நிலம் வெயிலைத் தன்னுள் வாங்கி வெப்பமாக வைத்துக்கொள்ளும். இத்தகைய நிலத்தில் வாழ்ந்தோர் தம் வீட்டின் சுவருக்கு வெண்மையைத் தேர்ந்தது தற்செயலானதன்று. புதிதாக வெள்ளையடித்த சுவர், தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். எனவே, புறத்தே வெப்பம் தணிகிறது. அகத்தே சிறிய சாளரத்தின் வழியாக வரும் வெளிச்சமும் அறை முழுவதும் பரவுகிறது.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டு, நீரிட்டால் அது கொதித்து நீறும். அந்தச் சுண்ணாம்பைச் சுவரில் பூசியபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லின் தன்மையை அடைகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிரிகளையும் பூஞ்சையையும் தடுக்கிறது. வெண்மையில் தோன்றும் மங்கிய மஞ்சள் சாயலைப் போக்கச் சிறிது நீலம் கலப்பதும் உண்டு. சுவரின் அடிப்பகுதியிலும் திண்ணையின் விளிம்பிலும் காவி தீட்டுவர். காவியின் செம்மைக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. அது வெயிலில் எளிதில் வெளிறுவதில்லை; அழுக்கையும் விரைவில் காட்டுவதில்லை.

தைப்பொங்கலுக்கு முன்னர் வீடெங்கும் வெள்ளையடிப்பது தென்மாவட்டங்களின் வழக்கம். பொங்கற்பானையைத் தாங்கும் மண்ணாலான பொங்கல் கட்டிகளுக்கும் சுண்ணாம்பும் காவியும் பூசி அழகு செய்வர். ஆண்டில் ஒருநாளேனும் அடுப்பு வண்ணம் பெறுகிறது. மற்ற நாள்களில் அதன் நிலை என்ன?

அரண்மனையும் அடுக்களையும்

சங்க இலக்கியத்தில் இரண்டு வீட்டுக் காட்சிகளை அருகருகே வைத்துக் காணலாம். ஒன்று, நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் வரும் பாண்டிமாதேவியின் உறைவிடம். அங்கே வெள்ளி போல ஒளிரும் சுதை பூசப்பட்டிருக்கிறது. நீலமணி போன்ற கருந்தூண்கள் நிற்கின்றன. செம்பினால் செய்தது போன்ற நெடுஞ்சுவரில் பூக்கள் நிறைந்த கொடி ஓவியமாக வளைந்து செல்கிறது. வெண்மை, கருமை, செம்மை ஆகிய மூன்று வன்மையான நிறங்கள் ஒன்றையொன்று அடக்காமல் பொருந்தி நிற்கும் காட்சி இது. அடர்ந்த வண்ணங்களால் அகத்தை அணிசெய்வது அண்மைக்காலப் புதுமை அன்று என்பதற்கு இப்பாட்டே சான்றாகும்.

மற்றொன்று, கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகைப் பாடல். புதிதாக இல்லறம் ஏற்ற தலைவி, தயிர் பிசைந்த விரலைத் துடைத்த ஆடையை மாற்றாமல், தாளிப்பின் புகை மைதீட்டிய கண்களில் நிறைய, புளிக்குழம்பு ஆக்குகிறாள். அதனை உண்ட கணவன் இனிது என்றதும் அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. இப்பாடலில் அன்பு உண்டு, உழைப்பு உண்டு, புகையும் உண்டு. சுவர் எப்படி இருந்தது என்று புலவர் கூறவில்லை. ஆனால் அப்புகையே அச்சுவரின் நிறத்தை நமக்கு உணர்த்திவிடுகிறது.

புகை எழுதிய கருமை

விறகு, பருத்திமார், கருவேல முள், வறட்டி ஆகியவற்றை எரித்த அடுக்களைகளின் சுவர்கள் நெடுங்காலம் கரிபிடித்தே இருந்தன. பொங்கலுக்குப் பூசிய வெண்மை சில திங்கள்களில் மறைந்துவிடும். "எப்படியும் கறுக்கப்போகிற சுவர்தானே" என்னும் எண்ணம் அங்கிருந்துதான் வேரூன்றியது. அச்சுவரின் கருமையைக் கண்டவர்கள், அதே புகை சமைப்பவரின் நெஞ்சுக்குள்ளும் செல்வதை எண்ணிப் பார்க்கவில்லை. வீட்டினுள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக நலவாழ்வு அமைப்பு மதிப்பிட்டுள்ளது.

தமிழக அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்பும், 2016இல் நடுவண் அரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் சிற்றூர் அடுக்களைகளுக்குள் எரிவாயுவைக் கொண்டுவந்தன. உருளையை மீண்டும் நிரப்பும் செலவு கருதி விறகையும் விடாத வீடுகள் இன்றும் உண்டு. எனினும், புகை குறைந்த இடங்களில் சுவர் தன் நிறத்தைக் காத்துக்கொள்ளும் நிலை உருவாகியுள்ளது. அடுக்களைக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, நம் தலைமுறையில்தான் எளிய குடும்பங்களுக்கும் கிடைத்திருக்கிறது எனலாம்.

அண்டை நிறத்தின் ஆற்றல்

வாய்ப்புக் கிடைத்தால் மட்டும் போதாது. நிறத்தின் இயல்பையும் அறிதல் வேண்டும். பிரான்சு நாட்டின் கோபெலான் சாயப்பட்டறையின் பொறுப்பாளராக இருந்த வேதியியலறிஞர் செவ்ரல் என்பவரிடம், அங்கு சாயமேற்றிய கருப்பு நூல் சில நிறங்களுக்கு அருகில் சோர்ந்து தெரிகிறது என்ற குறை வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் பிழையில்லை. பக்கத்திலிருந்த நிறமே கருப்பை மாற்றிக் காட்டியது எனக் கண்டார். 1839இல் வெளியிட்ட நூலில், அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றுகின்றன என்பதை விரிவாக விளக்கினார்.

இவ்வுண்மையை நம் நெசவாளர்கள் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தனர். சங்கரன்கோவில் தறிகளில் நெய்யப்படும் பருத்திச் சேலையை எண்ணிப் பாருங்கள். உடல் ஒரு நிறம். கரை அதற்கு எதிரான மற்றொரு நிறம். முந்தி மட்டும் தனிச்சிறப்புடன் விளங்கும். மாம்பழ நிற உடலுக்கு அரக்குக் கரை அமையும்போது இரண்டும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டுகின்றன. உடல் முழுவதும் முந்தியாக இருந்தால் கண் களைத்துப்போகும். வீட்டுச் சுவருக்கும் இதே இலக்கணம் பொருந்தும். பெரும்பரப்பு அமைதியான நிறமாகவும், கதவும் நிலையும் கரையாகவும், ஏதேனும் ஒரு சுவர் முந்தியாகவும் அமையலாம். வன்மையான நிறம் அழகு பெறுவது, அது எங்கே நிற்கவேண்டும் என்னும் அளவறிந்து நிற்கும்போதுதான்.

உழைப்பை எண்ணிய ஓர் அடுக்களை

1926இல் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஓர் அடுக்களையை வடிவமைத்தார். அதன் அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதை எட்டி எடுக்கிறார் என்பதையெல்லாம் கருத்தில்கொண்டு அது உருவானது. அதன் அலமாரிகளுக்கு நீல வண்ணம் பூசப்பட்டது. ஈக்கள் நீலத்தை விரும்புவதில்லை என அக்காலத்தில் கருதியதே அதற்குக் காரணம். ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அவ்வடுக்களை அமைக்கப்பட்டது. ஈக்களைப் பற்றிய கருத்து எவ்வாறாயினும், அடுக்களையின் நிறத்தை அங்கு உழைப்பவரின் தேவையிலிருந்து தேர்ந்தெடுத்த அந்த மனப்பாங்கே நாம் கருதத்தக்கது.

நம் மண்ணிலும் உறுதியான நிறங்களுக்குச் சான்று உண்டு. செட்டிநாட்டின் ஆத்தங்குடியில் தரைக்கற்கள் கையால் உருவாக்கப்படுகின்றன. கண்ணாடிப் பலகையின்மேல் உலோகச் சட்டம் வைத்து, அதன் கட்டங்களில் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுவர். அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, உலரவைத்து, நீரில் ஊறவிடுவர். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியிலிருந்து பிரியும்போதே கல்லின் முகம் பளபளக்கிறது. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக அமைந்த அத்தரை, நாள்தோறும் நடக்கும் பாதங்களாலும் துடைக்கும் கைகளாலும் மேலும் மெருகேறுகிறது. புழங்கப் புழங்கப் பொலிவுறும் வண்ணமே வீட்டுக்கு ஏற்ற வண்ணம் ஆகும்.

தேர்வும் எச்சரிக்கையும்

அடுக்களைக்கு நிறம் தேர்வதற்கு முன், அவ்வறைக்கு எந்தத் திசையிலிருந்து ஒளி வருகிறது என்று காணவேண்டும். மேற்கு வெயில் நேராக விழும் அறையில் அடர்சிவப்பு வெம்மை உணர்வை மிகுவிக்கும். அங்கே பச்சையோ நீலமோ கண்ணுக்கு இதமளிக்கும். ஒளி குறைந்த அறையில் மஞ்சள் வெளிச்சத்தைக் கூட்டியது போன்ற தோற்றம் தரும். காய் நறுக்கும் மேடைக்கு எதிரிலுள்ள சுவர் வெளிர்நிறமாக இருந்தால், கத்தியும் விரலும் தெளிவாகத் தெரியும். அடுப்பை ஒட்டிய சுவர் எண்ணெய்க்கறையைக் கழுவத்தக்கதாக இருத்தல் நலம். முதலில் ஒரு முழ அளவில் பூசி, காலையிலும் உச்சியிலும் விளக்கொளியிலும் பார்த்தபின் முடிவுசெய்யலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, அங்கே சமைப்பவரிடம் கேட்டு முடிவுசெய்தல் வேண்டும்.

பளிச்சிடும் நிறங்களில் ஓர் இடரும் மறைந்திருந்தது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய எண்ணெய் வண்ணங்களில் ஈயச் சேர்மங்கள் நெடுங்காலம் சேர்க்கப்பட்டன. உரிந்து விழும் வண்ணத்தூளின் வழியே உடலில் சேரும் ஈயம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே, வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படக் கூடாது என இந்திய அரசு 2016இல் விதி வகுத்தது; 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வாங்கும் வாளியின்மேல் ஈயம் பற்றிய குறிப்பைப் படித்தறிவது நம் கடமை. பழைய எண்ணெய் வண்ணத்தை உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நனைத்துத் தூள் பறக்காமல் அகற்றுதல் வேண்டும்.

செம்மை என்னும் சொல்

தமிழில் செம்மை என்பது சிவப்பு நிறத்தைக் குறிக்கும். நேர்மையையும் சிறப்பையும் குறிக்கும். நிறத்தையும் ஒழுங்கையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழி நம்முடையது. வீட்டின் முகப்பு, வருவோர் நம்மைப் பற்றி என்ன எண்ணவேண்டும் என்பதைக் காட்டுகிறது. அடுக்களையின் சுவரோ, நம்மோடு வாழ்பவரை நாம் எவ்வாறு எண்ணுகிறோம் என்பதைக் காட்டுகிறது. எஞ்சிய வண்ணத்தை அங்கே பூசும் வழக்கம் மாறவேண்டும். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கும்போது, முதல் வாளி அடுக்களைக்குச் செல்லட்டும். அதன் நிறத்தை அங்கு நிற்பவர் சொல்லட்டும். பூசும் வேலையில் வீட்டிலுள்ள அனைவரும் பங்குகொள்ளட்டும். அதுவே இல்லத்தின் செம்மையாகும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டு அடுக்களையில் காலை, நண்பகல், மாலை ஆகிய வேளைகளில் ஒளி எவ்வாறு விழுகிறது என்பதைக் கண்டு குறிப்பெடுக்க.

2. உங்கள் ஊரிலுள்ள முதியோரிடம் வெள்ளையடித்தல், காவி பூசுதல் பற்றிக் கேட்டறிந்து, அத்தொழில் தொடர்பான வட்டாரச் சொற்களைத் தொகுக்க.

3. சேலையின் உடல், கரை, முந்தி ஆகியவற்றை ஓர் அறையின் வண்ண அமைப்போடு ஒப்பிட்டு வகுப்பில் பேசுக.

4. வீட்டில் சமைப்பவரிடம் அவர் விரும்பும் வண்ணத்தையும் அதற்கான காரணத்தையும் கேட்டு, ஒரு பக்க அளவில் கட்டுரையாக எழுதுக.